தொடக்கப் பள்ளியில் கதைப் புத்தகங்கள்: தேர்ந்தெடுப்பது முதல் வீட்டுக்கு அனுப்புவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் புத்தகமே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழ் இருக்கிறது. நூலக மானியத்தில் வாங்கியவை ஒரு கட்டு, ஊர்க்காரர்கள் தந்தவை ஒரு கட்டு என்று சேர்ந்திருக்கும். பல பள்ளிகளில் இவை அனைத்தும் வரிசை எண் எழுதி, பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. குறை அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன், ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதை முதல் விதியாக வைத்தார். சீர்காழியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியவர். நம் மண்ணில் உருவான விதியை நம் பள்ளிகளிலேயே நாம் நடைமுறைப்படுத்தவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பென்னாகரம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றுகிறேன். அதற்கு முன் தளி வட்டாரத்தில் இருந்தேன். இந்த இரண்டு இடங்களிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: ஒரு புத்தகத்தை வகுப்பில் எப்படிப் பகிரப்போகிறோம் என்று முடிவு செய்யாமல், அது நல்ல புத்தகமா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஆசிரியர் வாசித்துக் காட்டும் புத்தகம் ஒரு வகை. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படிப்பது இன்னொரு வகை. பிள்ளை தனியாக எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு, வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு. ஒன்றுக்கு அருமையாகப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பாரமாகிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த நான்கு பயன்களை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டியது.

முதல் வேலை: இருப்பதை வெளியே எடுப்பது

புதிதாக வாங்குவதற்கு முன் இருக்கிற அத்தனை புத்தகங்களையும் தரையில் பரப்புங்கள். ஒரு சனிக்கிழமை போதும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நாளைக்கே பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடியவை, தைத்து ஒட்டினால் பயன்படுபவை, வகுப்பறைக்கு வேண்டாதவை.

மூன்றாவது குவியலில் கை தயங்கும். இருந்தாலும் கண்டிப்பாக இருங்கள். நன்கொடைக் கட்டுகளில் போட்டித் தேர்வு வழிகாட்டி, பெரியவர்களுக்கான ஆன்மிகப் புத்தகம், பழைய பொது அறிவுத் தொகுப்பு எல்லாம் கிடக்கும். 1978-இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களும் சில பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றில் லை, ணை, னா, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். இப்போதுதான் எழுத்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதைப் பார்த்தால் தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆசிரியர் வாசித்துக் காட்ட அவற்றை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அலமாரியில் வேண்டாம்.

இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகத்தை நாமே தூக்கிப் போட முடியாது. தனிப் பெட்டியில் கட்டி வைத்து, தலைமை ஆசிரியர் வழியாக முறைப்படி கழிவு செய்ய எழுதுங்கள். அதுவரை அலமாரியின் இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பழுது பார்ப்பதற்கு இரண்டு குறிப்புகள். படக்கதைகள் பெரும்பாலும் நடுவில் பின் அடித்த பதினாறு, இருபத்து நான்கு பக்கப் புத்தகங்கள். பின் துருப்பிடித்தால் தாள் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். பின்னை எடுத்துவிட்டு, நடு மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்துத் தைத்துவிடுங்கள். பல ஆண்டுகள் நிற்கும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பிள்ளைகள் கையாளும் புத்தகத்துக்கு அது கூடவே கூடாது, ஃபெவிகால் போதும்.

இரண்டாவது: பிள்ளைகளைப் பற்றி ஒரு நோட்டு

வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதற்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், யாரிடம் வளர்கிறது, வீட்டில் யாருக்காவது படிக்கத் தெரியுமா, எதைப் பற்றிப் பேசினால் அந்தப் பிள்ளையின் கண் விரிகிறது. இந்த நான்கு செய்தி போதும்.

நம் இரண்டு மாவட்டங்களில் இந்த நோட்டு இல்லாமல் புத்தகம் தேர்வு செய்வது வீண் வேலை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். கிருஷ்ணகிரி நகரத்தில் உருது. அரூர்ப் பக்கம் லம்பாடி. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் தமிழ் நம் பாடநூல் தமிழிலிருந்து தள்ளி நிற்கிறது. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து சாப்பிடும் கதையையே ஆண்டு முழுவதும் வாசித்தால், இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள்.

அதற்காக ராகியும் மாந்தோப்பும் பரிசலும் வரும் கதைகளை மட்டும் கொடுக்கவும் கூடாது. கடலைப் பார்த்திராத பிள்ளைக்குக் கடல் கதை கட்டாயம் வேண்டும். தன் ஊரைப் புத்தகத்தில் பார்ப்பதும் உரிமை, பார்க்காத ஊரைப் பார்ப்பதும் உரிமை. அலமாரியில் இரண்டும் இருக்கிறதா என்று நோட்டை வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவது: ஒரு புத்தகத்தைச் சோதிப்பது

இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். பலர் கைவிடுவதும் இதைத்தான். அட்டையைப் பார்த்தும் விலையைப் பார்த்தும் வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாய்விட்டுப் படியுங்கள். குழந்தைகள் புத்தகம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மனத்துக்குள் படிக்கும்போது தெரியாத குறை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கில் தட்டும். பிற மொழியிலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த கதைகள் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்: எழுவாய் ஓரிடம், பயனிலை எங்கோ ஓரிடம், நடுவில் மூச்சு வாங்க இடமே இருக்காது.

படிநிலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று வரிசைப்படுத்தப்பட்டவை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக உயரும் மூன்று நிலைகளில் பார்க்கிறோம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளத்தில் நான்கு நிலைகள் உண்டு. அங்கே முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் அடங்கும், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை. இவையெல்லாம் பயனுள்ள தொடக்கம். ஆனால் தமிழில் சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ என்பது கணக்கில் ஒரே சொல். பிள்ளைக்கு அது பதினொரு எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ‘யானை ஓடியது’ என்பது இரண்டு சொல், ஆறு எழுத்து. இரண்டாவது எளிது என்பது எந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் தெரியும்.

எனவே நான் சொற்களை எண்ணுவதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து மிக நீளமான சொற்களைத் தேடுவேன். ஏழு எழுத்துக்கு மேல் உள்ள சொல் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு இருந்தால், மொட்டு நிலைப் பிள்ளை தனியாகப் படிக்க அந்தப் புத்தகம் ஆகாது. நான் வாசித்துக் காட்டும் பட்டியலில் சேர்ந்துவிடும். அடுத்ததாக வரிகளின் ஓரத்தைப் பார்ப்பேன். தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல் பாதியில் உடைந்து, எந்தக் குறியும் இல்லாமல் அடுத்த வரியில் தொடரும். நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. எழுத்துக் கூட்டும் பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தொடக்கநிலைப் புத்தகத்தில் சொல் உடையாமல், ஒரு வரியில் ஒரு கருத்து முடிய வேண்டும். படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்திருந்தால், அலங்கார எழுத்துருவில் ‘ண’வும் ‘ன’வும் குழம்பினால், அதையும் தனி வாசிப்புக்கு வைக்க வேண்டாம்.

அடுத்து படங்கள். எழுத்தை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்துக் கதை புரிகிறதா என்று பாருங்கள். எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால் அது நல்ல படக்கதை; ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் பூனையைக் கண்டுபிடிக்கத்தான் பிள்ளைகள் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். பிறகு படத்தில் யார் எந்த நிறத்தில், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அரக்கன் கறுப்பாகவும் இளவரசி வெளுப்பாகவும் இருக்கும் புத்தகத்தைக் கறுத்த நிறமுள்ள நம் பிள்ளைகள் நடுவில் எதற்காகப் பிரித்து வைக்க வேண்டும்? குண்டுப் பையனையும் திக்கிப் பேசுபவனையும் வைத்துச் சிரிக்க வைக்கும் கதைகள், சாதியை மறைமுகமாகச் சொல்லும் தொழில் அடையாளங்கள், சமைப்பதும் அழுவதும் தவிர வேறு எதுவும் செய்யாத பெண்கள், இவை எல்லாமே எனக்கு நிராகரிக்கும் காரணங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவரப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மண்ணில், பெண் குழந்தை பிறந்ததைக் கவலையாகச் சொல்லும் ஒரு வரிகூட வகுப்பறைக்குள் வரக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கதை மட்டுமே புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சி, விண்மீன், கிணறு, மண்புழு, ரயில் என்று தகவல் சொல்லும் புத்தகங்களை மட்டுமே விரும்பும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பட்டுப்புழு பற்றிய ஒரு படப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் பேசவே பேசாத ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இந்தப் படத்தில் சந்திரிகையையே காணோம். புழு எங்கே கூடு கட்டும்?” என்று கேட்டாள். சந்திரிகை என்பது புழு கூடு கட்டுவதற்கு வைக்கும் மூங்கில் தட்டு. அவள் வீட்டில் புழு வளர்க்கிறார்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும், தோலுரிக்கும் நேரத்தில் இலை தின்னாது, அப்போது வீட்டில் சத்தம் போட விட மாட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பாவுடன் போன கதையும் வந்தது. பிறகு அந்தப் புத்தகம் அவள் பொறுப்பில் இருந்தது. யார் எடுத்தாலும் அவளிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். தகவல் புத்தகங்களுக்கு இப்படி ஒரு பலம் இருக்கிறது. ஆசிரியரைவிட அதிகம் தெரிந்த பிள்ளை யார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

பாட்டும் விடுகதையும் தனி வாசிப்புக்கு மிக நல்லவை. வரி சிறியது, எதுகை அடுத்த சொல்லை ஊகிக்க வைக்கும்.

நான்காவது: எங்கே வாங்குவது, பணத்துக்கு என்ன செய்வது

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பணம் வரும் நேரத்தில் அவசர அவசரமாகக் கட்டுப் புத்தகம் வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் பட்டியல் எழுதி வைத்திருங்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ புத்தகத் திருவிழா நடக்கும்போது பட்டியலோடு போனால் வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும், வாங்குமுன் புரட்டிப் பார்க்கவும் முடியும். பிள்ளைகள் இரண்டு, மூன்று பேரை அழைத்துப்போய் அவர்களையே தேர்வு செய்யச் சொன்னால் இன்னும் நல்லது.

1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழில் குழந்தைகள் புத்தகம் தருகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகள் உண்டு. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்துகின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் வரும் இதழ். ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் துணையோடு படிக்கலாம்.

பணமே இல்லையென்றால் ஸ்டோரிவீவர். 2015-இல் தொடங்கிய இந்தத் தளத்தின் கதைகள் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சடிக்கலாம், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு நாமே மொழிபெயர்க்கவும் செய்யலாம். எல்லைப் பகுதி ஆசிரியர்களுக்கு இது பெரிய வரம். பல கதைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதே படங்களோடு இருக்கின்றன. தளியில் பணியாற்றியபோது தமிழ்ப் பிரதியைப் பள்ளியில் வாசித்துவிட்டு, கன்னடப் பிரதியின் அச்சை வீட்டுக்குக் கொடுப்பேன். பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளையின் அக்காவோ பக்கத்து வீட்டு மாமாவோ கன்னடத்தில் படித்துக் காட்டிவிடுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை எடுக்கும்போது கதை ஏற்கெனவே கையில் இருக்கும். எழுத்தோடு மட்டும் போராடினால் போதும்.

எவ்வளவு புத்தகம் வேண்டும்? முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நூறு நல்ல புத்தகம் தாராளம். சோதித்து எடுத்த நூறு போதும். ஐந்நூறு வந்து குவிந்தால் பூட்டுத்தான் தேடுவோம்.

ஐந்தாவது: பிள்ளையின் கண் மட்டத்தில் வைப்பது

முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். அட்டை முகம் தெரிய வேண்டும். சுவரின் இரு ஆணிகளுக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, நடுப்பக்கம் கயிற்றில் அமரும்படி தொங்கவிடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மார்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இருபது புத்தகம் மட்டும் தொங்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். மழைக் காலத்தில் ஓதம் ஏறும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாவது: வாசித்துக் காட்டுவது

ஒரு நாளில் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலை உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவி வந்து அமரும் நேரம் இதற்கு மிகப் பொருத்தம். பத்து முதல் பதினைந்து நிமிடம். தினமும். பாடம் முடிந்தால் வாசிக்கலாம் என்று தள்ளிப் போட்டால் அந்த நேரம் வராது.

எல்லோரையும் தரையில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். நீங்களும் தாழ்வாக உட்காருங்கள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, படம் பிள்ளைகள் பக்கம் இருக்க, நீங்கள் ஓரக்கண்ணால் படிக்கப் பழக வேண்டும். முந்தைய நாளே வாய்விட்டுப் படித்திருந்தால் இது எளிது. முதலில் அட்டையைக் காட்டி, “இதில் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு, மூன்று பதில் வந்ததும், சரி தவறு சொல்லாமல் தொடங்கிவிடுங்கள்.

எழுத்தில் உள்ளபடியே வாசியுங்கள். கதையைச் சொந்தச் சொல்லில் சொல்வது வேறு கலை. அதற்கு வேறு நேரம் வையுங்கள். வாசிக்கும்போது, எழுத்தைத் தொட்டால் அதே சொல்தான் ஒவ்வொரு முறையும் வரும் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் மட்டும் விரல் வைத்துக் காட்டுங்கள். மூன்றாவது முறை அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொண்டு பாருங்கள், வகுப்பே சொல்லிவிடும்.

பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு நொடி நில்லுங்கள். எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், கதை செத்துவிடும். கதையின் திருப்பமே ஒரு சொல்லில் இருந்தால் அதற்கு மட்டும், வாசிக்கும் ஓட்டத்திலேயே, “பொந்து, மரத்தில் இருக்கும் ஓட்டை” என்று சேர்த்துச் சொல்லிவிட்டு நகருங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை படத்தைப் பார்த்து “ஏனுகு” என்றால், “ஆமாம், யானை” என்று சொல்லித் தொடருங்கள். திருத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

முடிந்ததும் அடுத்த நாளும் அதே கதையை வாசிக்கச் சொல்வார்கள். வாசியுங்கள். மூன்றாம் நாளும் கேட்டால் மூன்றாம் நாளும். நமக்குத்தான் அலுப்பு, அவர்களுக்கு இல்லை. பலமுறை காதால் கேட்ட புத்தகத்தைத்தான் முதல் வகுப்புப் பிள்ளை தானாகக் கையில் எடுக்கும். வாசித்துக் காட்டியதில் இருந்து தனி வாசிப்புக்குப் போகும் வழி அதுதான்.

ஏழாவது: வாசித்த பிறகு பேசுவது

‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்க வேண்டாம். சில புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் நீதியும் நான்கு கேள்வியும் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை நான் வாசிப்பதில்லை. கேள்வி வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதையைக் கேட்காது, விடையைத் தேடும்.

எனக்குப் பயன்படும் கேள்விகள் மூன்றுதான்: எந்த இடம் பிடித்தது, எது புரியவில்லை, உங்களுக்குத் தெரிந்த எதை இது நினைவுபடுத்தியது. மூன்றாவது கேள்விக்குத்தான் வகுப்பு திறக்கும். தளிப் பள்ளியில், காட்டு யானை ஒன்று ஊருக்குள் வரும் படக்கதையை வாசித்தேன். படத்தில் யானை குட்டியாக, சிரித்த முகத்தோடு இருந்தது. ஊர் மக்கள் அதற்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். வாசித்து முடித்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “யானை ராகியை மிதித்துவிட்டால் அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் டீச்சர்?” என்று கேட்டான். அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும் ஊர் அது. இரவில் பரண் மேல் தகரம் தட்டும் சித்தப்பா, பட்டாசு, காலையில் வயலில் கிடந்த சாணம் என்று பேச்சு நீண்டது. யானை மேல் தப்பில்லை, அதற்கும் பசி என்று ஒரு பெண் வாதாடினாள். அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எட்டாவது: அவர்கள் பேச்சையே புத்தகமாக்குவது

அந்தப் பேச்சைக் கரும்பலகையில் அவர்கள் சொன்ன வாக்கியத்திலேயே எழுதினேன். மறுநாள் ஏ4 தாளைப் பாதியாக மடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வரியாக எழுதி, படங்களை அவர்கள் வரைந்தார்கள். நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையில் அட்டை போட்டு, எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அத்தனை பெயரும் எழுதினோம். கொடிக்கயிற்றில் மற்ற புத்தகங்களோடு அதுவும் தொங்கியது. உங்கள் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே வரிகள் இருக்கட்டும். படித்துப் பழகியபின் பாடநூல் நடைக்கு மாற்றி இரண்டாம் பதிப்பு போடலாம். கடையில் கிடைக்காத புத்தகத்துக்கு இதைவிட வேறு வழி இல்லை. சித்தேரிப் பிள்ளைக்குச் சித்தேரிக் கதையை எந்தப் பதிப்பகமும் உடனே அச்சடித்துத் தரப்போவதில்லை.

ஒன்பதாவது: இணையாகவும் தனியாகவும் படிப்பது

ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில் இருப்பது இந்த ஓர் இடத்தில் நமக்கு வசதி. மலர் நிலைப் பிள்ளை ஒன்றையும் அரும்பு நிலைப் பிள்ளை ஒன்றையும் இணையுங்கள். பெரியது படிக்கும், சின்னது பக்கம் புரட்டும். புரட்டும் உரிமை சின்னவர் கையில் இருப்பது முக்கியம். படத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். தனி வாசிப்புக்கு வாரத்தில் இரண்டு முறை இருபது நிமிடம் ஒதுக்கி, அந்த நேரத்தில் ஆசிரியரும் உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்க வேண்டும், பதிவேடு எழுதக் கூடாது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும், பாதியில் வைத்துவிட்டு வேறு எடுத்தாலும் விட்டுவிடுங்கள். பிடிக்காததைக் கீழே வைக்கத் தெரிவதும் வாசகருக்கு வேண்டிய பழக்கம்.

பத்தாவது: வீட்டுக்கு அனுப்புவது

ஆசிரியர்கள் மிகவும் அஞ்சும் வேலை இது. தொலைந்தால் யார் பொறுப்பு, தணிக்கையில் என்ன சொல்வது என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரு வழி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், புத்தகங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வழங்கப்படும் என்றும், பயன்பாட்டால் ஏற்படும் கிழிசலுக்குப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ பணம் வாங்குவதில்லை என்றும் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அபராதம் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து ஏழைப் பெற்றோர் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கொடுங்கள், செவ்வாய்க்கிழமைக்குள் திரும்பட்டும். பழைய துணியில் தைத்த ஒரு பை, பிள்ளைக்கு ஒன்று. பதிவு நோட்டை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதட்டும்: தேதி, பெயர், புத்தகம், திரும்பிய நாள். கூடவே ஒரு கட்டம், அதில் பிள்ளை ஒரு முகம் வரைய வேண்டும்: பிடித்தது, பரவாயில்லை, பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு என்ன வாங்குவது என்பதற்கு இந்தக் கட்டத்தைவிட நல்ல பட்டியல் கிடையாது.

வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்றால் எழுத்தில்லாத படக்கதைகளை முதலில் அனுப்புங்கள். “பாட்டி, படத்தைப் பார்த்து ஒரு கதை சொல்” என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். திங்கட்கிழமை பாட்டி சொன்ன கதை வகுப்புக்கு வரும். அச்சில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, அதையும் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு புத்தகத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு என்ன தேவை என்று விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியும்.

கோடை விடுமுறைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புத்தகம் கொடுங்கள்: தானாகப் படிக்கக்கூடியது ஒன்று, கொஞ்சம் கடினமானது ஒன்று, படங்கள் நிறைந்தது ஒன்று. பெற்றோரோடு பெங்களூருக்கோ செங்கல் சூளைக்கோ போகும் பிள்ளைகளை இதில் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் அந்த இரண்டு மாதத்தில் படிக்க வேறு எதுவும் கிடைக்காது. ஒன்றிரண்டு புத்தகம் திரும்பி வராமல் போகலாம். பதிவு நோட்டில் ‘பயன்பாட்டில்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், பாடம் தொடங்குமுன், படித்ததைப் பற்றி ஒவ்வொருவரும் பேச ஒரு முழுக் காலையை ஒதுக்கி வையுங்கள்.